அஹமர்த்தம் முதல் அடியேன் வரை: ஜ்ஞானத்தைப் பற்றிய பூர்வாசார்ய விசாரத்தின் வரலாறு



உறங்கி எழுந்தவன், 'இவ்வளவு நேரம் சுகமாக உறங்கினேன்' என்கிறான். எல்லோரும் நாள்தோறும் சொல்லும் இச்சிறு வாக்கியத்தை முன்னிட்டு வேதாந்த தர்சனங்களுக்குள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக விவாதம் நடந்து வந்திருக்கிறது. உறக்கத்தில் உடலின் நினைவு இல்லை, இந்த்ரியங்கள் அடங்கிக் கிடக்கின்றன, மனமும் ஓய்ந்திருக்கிறது. அந்நிலையில் எஞ்சி நின்றது எது? 'நான்' நின்றதா? 'நான்' என்பதும் கழிந்த வெறும் அறிவு நின்றதா? அன்றி, அறிவற்ற ஆத்மா கல்லைப் போலக் கிடந்ததா? இதற்குச் சொல்லும் விடை எதுவோ, மோக்ஷத்தின் வடிவமும் அதற்குத் தக்கதாகவே அமையும். உறக்கத்தில் 'நான்' அழியுமாகில், மோக்ஷத்திலும் அது அழிவதற்குத் தடையில்லை.

'எல்லாம் ஒரே சைதன்யம். நான் என்பது அதன்மேல் எழுந்த தோற்றம்' என்பது வேதாந்தம் முழுவதற்கும் பொதுவான முடிவு என்று கருதும் வழக்கம் இக்காலத்தில் நம் திருமாளிகைகளிலும் புகுந்திருக்கிறது. காலையில் திருவாராதனம் ஸமர்ப்பித்து, மாலையில் 'நான் என்பது பொய்' என்னும் உபந்யாஸத்தைக் கேட்டு, இரண்டுக்கும் இடையே முரண் இருப்பதாக நினையாதவர் பலர். நான் என்பது பொய்யாகில் திருவாராதனம் செய்தவர் யார்? எம்பெருமான் உகந்தருளியது யாருடைய கைங்கர்யத்தை?

நம் பூர்வர்கள் இக்கேள்வியை இரண்டு படிகளில் தீர்த்தனர். அறிவு என்பது அறிபவன் ஒருவனைப் பற்றியே நிற்கும், 'நான்' என்று தோன்றுபவனே ஆத்மா என்று நிலைநாட்டியது முதற்படி. அந்த 'நான்' எம்பெருமானுக்கே சேஷமானது என்று தெளிந்தது இரண்டாம் படி. இவ்விரண்டும் எவ்வாறு எழுந்தன, முதற்படி மட்டும் ஏன் போதாதாயிற்று என்பதை இங்கு வரிசையாகக் காண்போம்.

இந்த்ரனின் ஐயம்

விவாதத்தின் வேர் சாந்தோக்யோபநிஷத்தின் எட்டாம் ப்ரபாடகத்தில் இருக்கிறது. இந்த்ரனும் விரோசனனும் ஆத்ம வித்யையை வேண்டி ப்ரஜாபதியிடம் சென்று 32 ஆண்டுகள் ப்ரஹ்மசர்யத்தோடு வாழ்ந்தனர். நீரில் தெரிந்த உருவத்தைக் கண்டு உடலே ஆத்மா என்று கொண்டு விரோசனன் மன நிறைவோடு திரும்பிவிட்டான். இந்த்ரன் வழியிலேயே ஐயுற்று மீண்டு வந்தான். மேலும் 32 ஆண்டுகள் கழிந்தபின் கனவு காண்பவனைப் பற்றிய உபதேசம் கிடைத்தது. கனவிலும் அச்சமும் அழுகையும் உண்டென்று கண்டு மறுபடியும் மீண்டான். இன்னும் 32 ஆண்டுகள் கழிந்தபின் ஆழ்ந்த உறக்கத்தில் இருப்பவனைப் பற்றிய உபதேசம் வந்தது. அதிலும் அவனுக்கு நிறைவு உண்டாகவில்லை. உறங்குபவன் தன்னையும் தெளிவாக அறியாமல், பிறவற்றையும் அறியாமல், அழிந்து போனவனை ஒத்திருக்கிறானே, இதனால் விளையும் நன்மை யாது என்று முறையிட்டான்.

இம்முறையீட்டை ப்ரஜாபதி பிழையென்று தள்ளவில்லை என்பது கவனிக்கத்தக்கது. இன்னும் ஐந்து ஆண்டுகள் வாழச் சொல்லி, மொத்தம் 101 ஆண்டுகள் நிறைந்தபின், இறுதி உபதேசத்தைச் செய்தார். உடலை விட்டு எழுந்து, பரஞ்சோதியை அடைந்து, தன் இயல்பான வடிவோடு வெளிப்படும் ஆத்மா சிரிப்பவனாகவும் விளையாடுபவனாகவும் இன்புறுபவனாகவும் அங்கே வர்ணிக்கப்படுகிறான். 'நான்' அழிவதே முடிவான பேறு என்றால், உறக்கத்தைக் கண்டு அஞ்சிய இந்த்ரனை அவ்வுறக்கத்திலேயே நிறுத்தியிருக்கலாம். உபநிஷத் அவனை உறக்கத்துக்கு அப்பால் அழைத்துச் சென்றது.

ஸூத்ரகாரரான பாதராயணர் இதே பொருளை நான்காம் அத்யாயத்தின் நான்காம் பாதத்தில் எடுத்துக்கொண்டார். முக்தன் எவ்வடிவோடு வெளிப்படுகிறான் என்பதில் அவர் காலத்திலேயே இரண்டு மதங்கள் இருந்தன. பாபமின்மை முதலான குணங்களோடு வெளிப்படுகிறான் என்பது ஜைமினியின் மதம். அறிவு மாத்ரமாக வெளிப்படுகிறான் என்பது ஔடுலோமியின் மதம். இரண்டுக்கும் ச்ருதியில் ஆதாரம் உண்டாகையால் இரண்டும் ஒன்றோடொன்று முரணாமல் பொருந்தும் என்று பாதராயணர் முடித்தார்.

முரணாமல் எங்ஙனே பொருந்தும்? பாஷ்யகாரர் இவ்விடத்தில் ப்ருஹதாரண்யகத்தின் உப்புக்கட்டி உவமையை விளக்குகிறார். மாங்கனியில் தோலின் சுவை வேறு, சதையின் சுவை வேறு. உப்புக்கட்டி அப்படியன்று, எங்குச் சுவைத்தாலும் உவர்ப்பே. அதனால் உப்புக்கட்டிக்கு நிறமும் கடினத்தன்மையும் இல்லையென்று ஆகிவிடாது. அவை வேறு இந்த்ரியங்களால் அறியப்படுகின்றன. அவ்வாறே ஆத்மா முழுவதும் அறிவுமயம் என்ற வாக்யத்துக்கு, ஆத்மாவில் தானே ஒளிராத பகுதி ஏதும் இல்லை என்பதே பொருள். அவனுக்கு வேறு குணங்கள் இல்லை என்பது அவ்வாக்யத்தின் பொருளாகாது. பிற்காலத்தில் எழுந்த வாதங்கள் எல்லாவற்றின் கருவும் இந்த அதிகரணத்திலேயே அடங்கியிருக்கிறது.

ஆளவந்தார் வகுத்த களம்

நாதமுனிகள் அருளிய ந்யாயதத்த்வம் இன்று நமக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. வேதாந்த தேசிகன் முதலானோர் எடுத்தாண்ட பகுதிகளைக் கொண்டே அதன் பெருமையை உணர்கிறோம். அவருடைய திருப்பேரனார் ஆளவந்தார் 10-ஆம் நூற்றாண்டில் அருளிய ஸித்தித்ரயமே இத்துறையில் நமக்குக் கிடைத்திருக்கும் முதல் நூல். ஆத்மஸித்தி, ஈச்வரஸித்தி, ஸம்வித்ஸித்தி என்னும் அதன் மூன்று பகுதிகளும் குறையாகவே கிடைத்துள்ளன. எனினும் வாதத்தின் களம் முழுவதையும் அவற்றிலிருந்து அறியலாம்.

ஆத்மஸித்தியின் தொடக்கத்தில் டங்கர், பர்த்ருப்ரபஞ்சர், பர்த்ருஹரி, சங்கரர், பாஸ்கரர் முதலான முன்னோர் பலரை ஆளவந்தார் பெயர் சொல்லிக் குறிக்கிறார். ப்ரஹ்மஸூத்ரத்துக்கு இவர்களால் பலவகைப் பொருள்கள் உரைக்கப்பட்டுக் கேட்பவர் மயங்கும் நிலை உண்டானதால் தாம் நூல் செய்யப் புகுந்ததாகக் காரணமும் கூறுகிறார். பிறகு ஆத்மா எது என்ற கேள்விக்கு வழங்கும் விடைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்கிறார். உடல், இந்த்ரியங்கள், மனம், ப்ராணன், அறிவு என்னும் ஐந்தையும் விலக்கி, அவற்றின் வேறாய்த் தானே விளங்குவதாய், நித்யமாய், உடல்தோறும் வேறாய், இயல்பில் இன்பமாய் இருப்பது ஆத்மா என்று நிறுவுகிறார்.

உடலே ஆத்மா என்ற சார்வாகனுக்கு அவர் கூறும் மறுமொழி எளிமையானது. உடல் 'இது' என்று அறியப்படுகிறது. ஆத்மா 'நான்' என்று அறியப்படுகிறது. 'இது' என்ற அறிவுக்கு விஷயமானது 'நான்' என்ற அறிவுக்கு விஷயமாகாது. மூளையின் செயலே அறிவு என்று இன்று உரைப்பாருக்கும் நம் தரப்பின் முதல் மறுமொழி இதுவே. மூளையும் 'இது' என்று சுட்டப்படும் பொருளேயன்றோ.

ஐந்தனுள் அறிவை விலக்குவதே கடினமானது. அங்கே மூன்று எதிரிகள் நின்றனர். கணந்தோறும் தோன்றி மறையும் அறிவுத் தொடரே உளது, அதற்கு உரியவன் ஒருவன் இல்லை என்றனர் பௌத்தருள் யோகாசாரர். அறிவு நித்யம், ஒன்றே, ஆனால் 'நான்' என்பது அதன்மேல் ஏறிட்ட மயக்கம் என்றனர் அத்வைதிகள். அறிபவன் உண்டு, ஆனால் அறிவு அவனிடம் வந்து போகும் குணம், மோக்ஷத்தில் அதுவும் நீங்கும் என்றனர் ந்யாய வைசேஷிகர். முதல் இருவரிடம் அறிபவன் இல்லை; மூன்றாமவரின் மோக்ஷத்தில் அறிவு இல்லை. அறிபவனும் அறிவும் என்றும் பிரியாமல் நிற்கும் நிலையை நிறுவுவதே ஆளவந்தார் மேற்கொண்ட பணி.

பாஷ்யகாரரின் ஸாதனை

ஸம்ப்ரதாயக் கணக்கின்படி 1017-இல் அவதரித்த எம்பெருமானார், ஆளவந்தார் விட்டுச் சென்ற வாதங்களை ஸ்ரீபாஷ்யத்தின் ஜிஜ்ஞாஸாதிகரணத்தில் மஹாஸித்தாந்தமாக விரித்தருளினார். அதில் முதலாவது, அநுபூதியைப் பற்றிய விசாரம். அநுபூதி என்பது எப்போதும் ஒருவனுக்கு, ஒன்றைப் பற்றி உண்டாவது. மகன் என்ற சொல்லுக்கு ஒருவனுடைய மகன் என்ற தொடர்பு இன்றியமையாதது போல, அறிவு என்ற சொல்லுக்கும் யாருக்கு, எதைப் பற்றி என்னும் இரு தொடர்புகள் இன்றியமையாதவை. யாருக்கும் உரியதல்லாத, எதையும் பற்றாத அறிவை எந்த ப்ரமாணமும் காட்டுவதில்லை. அப்படி ஒன்றை நிரூபிக்கப் புகுபவன் 'எனக்கு இது ஸித்தித்தது' என்று சொல்லும்போதே, மறுக்க வந்த இரண்டையும் ஒப்புக்கொண்டு விடுகிறான்.

இரண்டாவது, அஹங்காரம் என்னும் சொல்லைப் பற்றியது. நான் என்னும் உணர்வை விடவேண்டும் என்று சாஸ்த்ரங்கள் கூறுகின்றனவே என்று கேட்கலாம். பாஷ்யகாரர் இதில் இரண்டு பொருள்களைப் பிரித்துக் காட்டினார். ப்ரக்ருதியின் பரிணாமமான அஹங்காரம், ஆத்மா அல்லாத உடலை 'நான்' என்று எண்ணச் செய்வது. பெரியோரை அவமதிக்கச் செய்யும் செருக்குக்கும் அதே பெயர் உண்டு. விடச் சொன்னது இவற்றையே. 'நான்' என்று உள்ளே தானே விளங்கும் அஹமர்த்தம் வேறு. அதுவே ஆத்மாவின் ஸ்வரூபம். தவறான பொருளில் வைத்த 'நான்' நீங்கும்போது உண்மையான 'நான்' தெளிந்து விளங்கும்.

ஜடமான அஹங்காரமே தன்னிடத்தில் அறிவை வெளிப்படுத்திக் காட்டுகிறது என்று அத்வைதிகள் கூறுவர். அணைந்து போன கரி சூரியனை வெளிப்படுத்தும் என்பது போன்றது இது என்று ஆத்மஸித்தியில் ஆளவந்தார் பரிஹஸித்தார். பாஷ்யகாரர் அந்த ச்லோகத்தையே ஸ்ரீபாஷ்யத்தில் எடுத்தருளினார். நேரில் சேவிக்கப் பெறாத பரமாசார்யரின் வாக்கை உடையவர் எவ்வளவு அருகில் வைத்துக்கொண்டு நூல் செய்தார் என்பதற்கு இது ஒன்றே போதிய சான்று.

மூன்றாவது, உறக்கம். எழுந்தவன் 'சுகமாக உறங்கினேன்' என்று நினைவு கூர்வதால், உறக்கத்திலும் 'நான்' என்ற விளக்கம் இருந்ததென்று தெளிகிறது. அநுபவியாததை நினைவு கூர இயலாதன்றோ. தமோகுணத்தின் மிகுதியாலும் வெளிப்பொருள்களின் அநுபவம் இல்லாமையாலும் அது தெளிவின்றி இருந்தது. 'என்னையும் அறியாமல் உறங்கினேன்' என்றும் சிலர் சொல்வதுண்டே எனில், அவ்வாக்யத்திலும் உறங்கியவன் 'நான்' என்றே சொல்லப்படுகிறான். விழிப்பில் நினைத்திருந்த உடல், குலம், தொழில் முதலிய அடைமொழிகளோடு கூடிய தன்னையே அவன் அறிந்திலன். அடைமொழிகள் மறைந்தன, அவற்றைத் தாங்கியவன் மறைந்திலன்.

நான்காவது, மோக்ஷம். இந்த வாதத்தின் உயிர்நிலை இதுவே. துக்கத்தில் கிடக்கும் ஒருவன் தன் துக்கம் நீங்கவேண்டும், தான் இன்புறவேண்டும் என்று கருதியே மோக்ஷோபாயத்தில் இறங்குகிறான். உனக்கு மோக்ஷம் என்பது நீ அழிவது, ஆயினும் உன்னின் வேறான ஓர் அறிவு எஞ்சி நிற்கும் என்று சொன்னால், அந்தப் பேச்சின் நிழலையும் அவன் அணுகமாட்டான். யாரோ ஒருவருடையதும் அல்லாத அறிவு எஞ்சுவதற்காக யார் முயல்வார்? அப்போது மோக்ஷ சாஸ்த்ரம் முழுவதும் கேட்பாரற்றுப் போகும். சாந்தோக்யத்தில் இந்த்ரன் எழுப்பிய ஐயத்தையே பாஷ்யகாரர் இங்கே தர்க்கமாக வடித்தருளினார்.

விளக்கும் அதன் ஒளியும்

இங்கு ஒரு கேள்வி எழும். ஆத்மா தானே அறிவு வடிவம் என்றும் சொல்லி, அறிவை உடையவன் என்றும் சொல்வது பொருந்துமா? இதற்கு ஸ்ரீபாஷ்யம் விளக்கின் உவமையைக் காட்டுகிறது. விளக்கின் சுடரும் தேஜஸ்; அதிலிருந்து பரவும் ப்ரபையும் தேஜஸ். இரண்டும் ஒரே ஜாதியாயினும் ப்ரபை சுடரைப் பற்றியே நிற்கிறது. சுடரின் துகள்கள் சிதறிப் பரவுவதே ப்ரபை என்று கூறலாகாது. அவ்வாறாகில் ரத்னமும் சூரியனும் என்றோ தேய்ந்து அழிந்திருக்கும். ஆகவே ப்ரபை, பரவுவதும் நிறமுடையதுமாகையால் த்ரவ்யம். சுடரைப் பிரிந்து நில்லாமையால் அதற்குக் குணம். ஆத்மாவும் அவ்வாறே அறிவு வடிவாய் நின்று, தன்னைப் பிரியாத அறிவைக் குணமாகவும் உடையதாகிறது. முன்னதை தர்மிஜ்ஞானம் என்றும், பின்னதை தர்மபூதஜ்ஞானம் என்றும் நம் ஸம்ப்ரதாயத்தில் வழங்குவர்.

இவ்விரண்டின் பிரிவைப் பின்வந்த ஆசார்யர்கள் நுண்மையாக வரையறுத்தனர். இரண்டும் ஸ்வயம்ப்ரகாசமே. ஆயினும் ஆத்மா தனக்கே விளங்குவதாகையால் ப்ரத்யக் எனப்படும். தர்மபூதஜ்ஞானமோ பொருள்களையும் தன்னையும் ஆத்மாவுக்கு விளக்கிக் காட்டும். தனக்கு என்று விளங்காது. ஆகையால் அது பராக். ஒளிர்வது வேறு, ஒளிர்வதை உணர்வது வேறு என்ற இந்தத் தெளிவே 'எல்லாம் வெறும் அறிவு' என்னும் கூற்றுக்கு நம் தர்சனம் தரும் விடை. அறிவு எவ்வளவு ஒளிர்ந்தாலும், அவ்வொளி சென்று சேர ஒருவன் வேண்டும்.

உறக்கத்தின் புதிரும் இதனால் அவிழ்கிறது. அணுவான ஆத்மாவின் தர்மபூதஜ்ஞானம் இயல்பில் எங்கும் பரவவல்லது. ஸம்ஸாரத்தில் அது கர்மத்தால் சுருங்கி, இந்த்ரியங்களின் வழியே வெளிப்பட்டுப் பொருள்களைப் பற்றுகிறது. இச்சுருக்கத்தையும் விரிவையுமே அறிவு தோன்றியது, மறைந்தது என்று உலகம் வழங்குகிறது. உறக்கத்தில் அது முற்றச் சுருங்குகிறது. ஆத்மா மட்டும் 'நான்' என்று விளங்கி நிற்கிறது. மோக்ஷத்தில் கர்மம் அறவே கழிவதால் அது முழுதும் விரிகிறது. ஆகையால் நம் மதத்தில் உறக்கம் மோக்ஷத்துக்கு மாதிரியாகாது. ஒன்று சுருக்கத்தின் எல்லை. மற்றொன்று விரிவின் எல்லை.

ஸம்ப்ரதாயக் கணக்கில் 1268 முதல் 1369 வரை எழுந்தருளியிருந்த வேதாந்த தேசிகன் இதை முறைப்படுத்தியருளினார். தத்த்வமுக்தாகலாபத்தின் ஐந்து ஸரங்களில் ஒன்றையும், ந்யாயஸித்தாஞ்ஜனத்தின் ஆறு பரிச்சேதங்களில் ஒன்றையும் புத்திக்கென்றே ஒதுக்கினார். நிலைமாற்றங்களுக்கு ஆச்ரயமானது த்ரவ்யம் என்ற இலக்கணத்தின்படி, சுருக்கமும் விரிவும் அடையும் ஜ்ஞானமும் த்ரவ்யமே என்று நிறுவினார். இன்பம், துன்பம், விருப்பு, வெறுப்பு ஆகியவை ஜ்ஞானத்தின் நிலைகளே என்பதும் அவர் விளக்கிய பொருள். சததூஷணியில் கிடைத்துள்ள 66 வாதங்களுள் பல அநுபூதியைப் பற்றிய பரமத நிராஸமாக இருப்பது, இவ்விவாதம் அவர் காலத்திலும் தணியாமல் இருந்ததைக் காட்டுகிறது. ஸ்ரீநிவாஸாசார்யரின் யதீந்த்ரமததீபிகை தன் பத்து அவதாரங்களில் ஏழாவதைத் தர்மபூதஜ்ஞானத்துக்கே வைத்தது. பக்தியும் ப்ரபத்தியும் அந்த ஜ்ஞானத்தின் நிலைகளாக அங்கே எண்ணப்படுவதைக் காலக்ஷேபம் கேட்போர் அறிவர். அறிவைப் பற்றிய விசாரம் வெறும் தர்க்கமாக நின்றுவிடாமல் உபாயத்தின் ஸ்வரூபத்தைத் தெளிவிப்பதும் ஆயிற்று.

முதற்படி போதாமை

அறிபவன் உளன், அவன் நித்யன், இயல்பில் இன்பவடிவினன் என்று நிறுவியதும் வேறோர் ஆபத்து எழுகிறது. இவ்வளவு சிறந்த ஆத்மாவைத் தானே அநுபவித்துக்கொண்டு ஒருவன் அமைந்துவிடலாமே! இதையே கைவல்யம் என்பர். ஆளவந்தார் தம் கீதார்த்த ஸங்க்ரஹத்தில், எட்டாம் அத்யாயத்தின் பொருளைக் கூறுமிடத்து, செல்வத்தை விரும்புபவர், ஆத்ம ஸ்வரூபத்தை விரும்புபவர், பகவானின் திருவடியை விரும்புபவர் என்று மூவகையினரைப் பிரித்துக் காட்டினார். நடுவில் நிற்பவர் உடலையும் உலகையும் கடந்தவர். ஆனால் தம்மைக் கடவாதவர். கைவல்யம் நித்யமா அன்றா என்பதில் தென்னாசார்ய ஸம்ப்ரதாயத்தாரும் தேசிக ஸம்ப்ரதாயத்தாரும் வேறுபடுவர். அது பரமபுருஷார்த்தம் அன்று என்பதில் இரு திறத்தாருக்கும் பேதமில்லை.

ஆளவந்தாரிடத்திலேயே இரண்டாம் படியின் வித்து இருந்தது. ஆத்மஸித்தியில் ஆத்மா இன்னதென்று நுணுகி நுணுகி வாதித்த அவரே, ஸ்தோத்ரரத்னத்தின் பிற்பகுதியில், உடல் முதலானவற்றுள் நான் எதுவாக இருந்தாலும் இருக்கட்டும், குணங்களால் எத்தகையவனாக இருந்தாலும் இருக்கட்டும், இந்த 'நான்' இப்போதே திருவடிகளில் ஸமர்ப்பிக்கப்பட்டது என்ற கருத்தை விண்ணப்பிக்கிறார். அடுத்த ச்லோகத்தில் அதற்கும் இரங்குகிறார்: என்னுடையதும் நானும் முன்னமே உனக்கு உரியவையாயிருக்க, நான் எதைக் கொடுத்தேன் என்று. தர்க்கத்தில் காத்த அஹமர்த்தத்தை ஸ்தோத்ரத்தில் உரியவனிடம் ஒப்படைத்தார். முதலில் காவாதிருந்தால், ஒப்படைக்க ஏதும் இருந்திராது.

திருக்கோட்டியூரிலிருந்து வந்த விடை

ஸ்ரீபாஷ்யத்தைப் பட்டோலை கொண்டவர் கூரத்தாழ்வான். ஜீவாத்மாவின் இலக்கணம் அறிபவனாயிருத்தல் என்ற அளவில் எம்பெருமானார் ஓரிடத்தில் அருளிச்செய்தபோது, ஆழ்வான் எழுதாமல் எழுத்தாணியை நிறுத்தினார் என்றும், உடையவர் அப்போது சீறியருளினும் பின்பு ஆராய்ந்து, சேஷத்வத்தைச் சொல்லாத லக்ஷணம் நிறைவுறாது என்று உகந்தருளினார் என்றும் ஒரு வ்ருத்தாந்தம் ஸம்ப்ரதாயத்தில் வழங்கிவருகிறது.

இதனோடு ஒத்த பொருளுடைய ஐதிஹ்யம் ஒன்றை, திருவாய்மொழி எட்டாம் பத்தின் எட்டாம் திருவாய்மொழி வ்யாக்யானத்தில் ஈடு காட்டுகிறது. ஆத்மாவுக்கு ஸ்வரூபம் அறிவுடைமையா, சேஷத்வமா என்ற விசாரம் எம்பெருமானாரின் கோஷ்டியில் எழுந்தது. விடையைத் திருக்கோட்டியூர் நம்பியிடம் கேட்டுவரும்படி ஆழ்வானை உடையவர் அனுப்பினார். ஆழ்வான் அங்கே ஆறு மாதம் ஸேவித்து நின்றார். பின்பு நம்பி தந்த விடை நீண்ட வாதமாக இல்லை. தம்முள்ளே எம்பெருமான் உறைவதைப் பேசும் நம்மாழ்வார், 'நான்' என்ற சொல்லுக்கு உரிய இடத்தில் 'அடியேன்' என்ற சொல்லை வைத்தருளினாரே என்று அந்தப் பாசுரத்தை நினைப்பூட்டினார். அவ்வளவே.

நம்பி ஆளவந்தாரின் திருவடியை ஆச்ரயித்தவர் என்பதை இங்கு நினைக்கவேண்டும். ஆளவந்தார் ஸம்ஸ்க்ருத தர்க்கத்தில் தொடங்கிய கேள்விக்கு, அவருடைய சிஷ்யரிடமிருந்து, திருவாய்மொழியின் ஒரு தமிழ்ச் சொல்லாக விடை வந்தது. உபயவேதாந்தம் என்ற பெயருக்கு இதனினும் சிறந்த நிதர்சனம் வேண்டுவதில்லை.

இந்த விடை முதற்படியைத் தள்ளிவிட்டதாகக் கொள்ளலாகாது. 'அடியேன்' என்பதும் தன்னைக் குறிக்கும் சொல்லே. அறிபவன் இல்லையாகில் 'அடியேன்' என்று சொல்ல ஆளில்லை. கல்லும் எம்பெருமானுக்குச் சேஷமே. ஆனால் அது தான் சேஷமென்று அறிந்து உகப்பதில்லை. அறிவுடைமையால் சேஷத்வம் உகப்பாகிறது. சேஷத்வத்தால் அறிவுடைமை பயன் பெறுகிறது.

இவ்வைதிஹ்யத்தைத் தாங்கிய ஈடு, நம்பிள்ளை அருளிய வ்யாக்யானத்தை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்தியது. அவருடைய திருக்குமாரரான பிள்ளை லோகாசார்யர் இப்பொருளை ரஹஸ்ய க்ரந்தங்களில் அமைத்தருளினார். தத்த்வத்ரயத்தில் சித்தின் இலக்கணத்தைக் கூறும்போது, உடல் முதலானவற்றின் வேறாயிருத்தலில் தொடங்கி, ஜ்ஞானத்துக்கு ஆச்ரயமாயிருத்தலைச் சொல்லி, ஈச்வரனுக்குச் சேஷமாயிருத்தலில் முடிக்கிறார். ஆத்மா வெறும் அறிவேயாகில் 'நான் அறிவு' என்று தோன்றவேண்டுமேயன்றி 'நான் அறிகிறேன்' என்று தோன்றக்கூடாது என்ற யுக்தியும் அங்கே உண்டு. ஸ்ரீபாஷ்யத்தின் பல பக்க வாதம் அங்கே ஒரு வாக்யத்தில் அடங்கியது.

முமுக்ஷுப்படியில் அவர் ப்ரணவத்தின் எழுத்து முறையையே சான்றாக்கினார். அகாரத்தில் மறைந்து நிற்கும் நான்காம் வேற்றுமை சேஷத்வத்தைச் சொல்கிறது. மகாரம் 25-ஆம் எழுத்தாய், 25-ஆம் தத்த்வமான ஆத்மாவை அறிபவனாகச் சொல்கிறது. சேஷத்வம் முதலில், அறிவுடைமை பின்பு. பூவை மணத்துக்காகவும் ரத்னத்தை ஒளிக்காகவும் விரும்புவது போல, ஆத்மாவை ஆதரிப்பதும் சேஷமென்னும் காரணத்தாலேயே என்று அவர் விளக்கினார். தேசிகனும் ரஹஸ்யத்ரயஸாரத்தின் மூலமந்த்ராதிகாரத்தில், அகாரத்தின் நான்காம் வேற்றுமையைக் கொண்டே சேஷத்வத்தைத் தெளிவித்தருளினார். 1370 முதல் 1443 வரை எழுந்தருளியிருந்த மணவாள மாமுனிகள், தத்த்வத்ரயத்துக்கும் முமுக்ஷுப்படிக்கும் வ்யாக்யானம் இட்டருளி, ஸ்ரீபாஷ்யப் பொருளும் அருளிச்செயற் பொருளும் ஒன்றாயிருப்பதை எளியோருக்கும் எட்டச் செய்தார்.

இன்று நமக்கு ஆவது

இவ்வரலாற்றைப் பார்த்தால், சைதன்யம் ஒன்றே மெய், நான் பொய் என்பதை நம் பூர்வர்கள் அறியாமல் விட்டவர்கள் அல்லர் என்பது விளங்கும். அதை எடுத்து, எதிரியின் வாயாலேயே முழுதும் சொல்லுவித்து, மஹாபூர்வபக்ஷமாக இடம் கொடுத்து, அதன்பின் விலக்கினார்கள். அவர்கள் காத்தது செருக்கை அன்று. வணங்குபவனையும் அருளைப் பெறுபவனையும் காத்தார்கள். எம்பெருமானின் க்ருபை எல்லையற்றதாயினும், அதை ஏற்கும் ஒருவன் இல்லாவிடில் அது எங்குச் சென்று சேரும்?

மறுபுறத்தில், ஆத்மஜ்ஞானம் பெற்றோம் என்று தன்னளவில் நின்றுவிடும் நிலைக்கும் அவர்கள் இடம் தரவில்லை. 'நான் உடல் அல்லேன்' என்று அறிந்தது பாதி வழி. 'நான் எனக்கு உரியேன் அல்லேன்' என்று அறிவது மற்றப் பாதி.

நம் பெரியோர் பேசும்போதும் கடிதம் வரையும்போதும் தம்மை 'அடியேன்' என்றே குறித்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் மறையவில்லை. கேட்போர் அதைப் பணிவுக்கான மரபுச் சொல் என்று எண்ணுவர். ஜிஜ்ஞாஸாதிகரணத்தில் நிலைநாட்டிய அஹமர்த்தமும், திருக்கோட்டியூரிலிருந்து ஆழ்வான் கொண்டுவந்த விடையும் அந்த ஒரு சொல்லில் சேர்ந்திருக்கின்றன. நம் இளையோருக்கு அச்சொல்லைப் பழக்கும்போது அதன் பொருளையும் உடன் சொல்லித் தருவது நம் கடமையாகும்.